பிணத்துக்கு மேலே தொங்கிய மைக்

செத்துப்போனவன் பேசக் கூடாது. இந்தச் சின்ன விஷயத்தைக் கடைப்பிடிக்க முடியாமல் போனதால்தான் எனக்குக் கல்யாணம் ஆனது.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துச் செல்வியும் நானும் ஒன்றரை வருஷமாகக் காதலித்துக்கொண்டிருந்தோம் (அதாவது, பஸ் ஸ்டாண்டில் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்). அவள் அப்பாவுக்கு விஷயம் தெரியாது. அண்ணன் சபாபதிக்குத் தெரியும். எங்கள் மில்லிலேயே நூல் நூற்கும் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தார். செல்விக்கு நான் எழுதிய கடிதம் ஒன்று அவர் கையில் சிக்கிய நாளிலிருந்து, மெஷின் நின்றுபோனால்கூட ரிப்பேருக்கு என்னைக் கூப்பிட மாட்டார்.

அந்த வருஷ மில் ஆண்டு விழாவுக்கு, டைம் ஆபீஸ் சீனிவாசன் சார் பழைய ஆங்கில சோக நாடகம் ஒன்றைத் தமிழில் எழுதினார். இரண்டு பகையாளிக் குடும்பங்கள். பிள்ளைகள் காதலிக்கிறார்கள். காதலன் விஷம் குடித்துச் சாகிறான், அவனைப் பார்த்துக் காதலி கத்தியால் குத்திக்கொள்கிறாள். பிணங்களுக்கு முன்னால் அப்பாக்கள் கைகோர்க்கிறார்கள்.

“இதுல காதலும் பகையும் சரிக்குச் சரி நிக்கணும்யா. ஒண்ணு கொறைஞ்சாலும் நாடகம் படுத்துரும்,” என்றார் சார்.

காதலன் நான். ஒல்லியாக, மீசை இல்லாமல் இருந்த ஒரே ஆள் என்பதால் காதலி சபாபதி. அவர் மறுத்திருப்பார். ஆனால் அவர் அப்பா வாலிபத்தில் கோயில் கொடை நாடகங்களில் பெண் வேடம் கட்டியவர். மகனும் கட்டப்போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்.

ஒத்திகையில் சபாபதி “என் உயிரே” என்று சொல்லும்போது பல்லைக் கடிக்கும் சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்டது. பகையாளி அப்பாக்களாக நடித்த இருவரோ தினமும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுகிறவர்கள். வாளை உருவிக்கொண்டு, “வாங்க அண்ணாச்சி, சண்டைக்கு,” என்றார்கள்.

“காதலிக்க வேண்டியவன் வெறுக்கான். வெறுக்க வேண்டியவன் கொஞ்சுதான்,” என்று சார் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் கவலைப்படவில்லை. காதலுக்காக நான் சாவதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் செல்வியின் அப்பா உருகிப்போவார், இப்படிப்பட்ட உத்தமனுக்கல்லவா பெண் கொடுக்க வேண்டும் என்று நினைப்பார் என்பது என் திட்டம் (இருபத்தாறு வயதில் எனக்கு வாய்த்த மூளை அவ்வளவுதான்).

அப்போதெல்லாம் மேடையில் மைக் கயிற்றில் தொங்கும். அதற்குக் கீழே வந்து நின்றுதான் வசனம் பேச வேண்டும். நான் படுத்துக்கொண்டு சாக வேண்டியிருந்ததால், சவுண்டு சர்வீஸ்காரர் மைக்கை என் நெஞ்சு வரைக்கும் இறக்கிவிட்டார். நான் செத்ததும் அதை மேலே ஏற்றியிருக்க வேண்டும். அவர் வடை தின்னப் போய்விட்டார்.

நான் அருமையாகச் செத்தேன். சபாபதி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். மரக்கத்தியை ஓங்கினார். முதல் மூன்று குத்து எனக்கு. நாலாவதைத் தனக்குக் குத்திக்கொண்டு, முழு எடையோடு என்மேல் விழுந்தார்.

அப்பாக்கள் இருவரும் கைகோர்க்க வந்துகொண்டிருந்தார்கள். நான் உதட்டை அசைக்காமல் முனகினேன். “மச்சான், முழங்கைய எடுங்க. நெஞ்சு நோவுது.”

“யாருலே மச்சான்? இன்னொரு வாட்டி சொன்னே, நெசமாவே குத்திருவேன்.”

“குத்துங்க. ஆனா செல்விய நாந்தான் கெட்டுவேன். ஆண்டாள் கோயில்ல வச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன்.”

செல்வி, சத்தியம், ஆண்டாள் கோயில் எல்லாம் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்டன. நான் கண்ணைத் திறக்கவில்லை. பிணத்தை யாரும் அடிக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

மரப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. செல்வியின் அப்பா மேடையேறி வந்து என் தலைமாட்டில் நின்றார்.

“தம்பி, செத்துட்டீகளா, இருக்கீகளா?”

“செத்துட்டேன், மாமா,” என்றேன். அதையும் மைக் ஊருக்குச் சொன்னது.

சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து, அவர் கீழே செல்வி உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் திரும்பினார். “ஏட்டி செல்வி, இவரு சொன்னது நெசமா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் பேர் தப்பிவிடும். என் கதை அத்தோடு முடிந்துவிடும். அந்த நாடகத்திலேயே நான் நிஜமாகப் பயந்தது அந்தச் செத்த நேரம்தான்.

செல்வி எழுந்து நின்றாளாம். “நெசந்தாம்ப்பா. மொதல்ல அவுகளக் கண்ணத் தொறக்கச் சொல்லுங்க.”

திறந்தேன். அவர் முகத்தில் கோபம் இருந்தது. மேலே விழுந்து கிடந்த மகனைப் பார்த்தார், கீழே கிடந்த என்னைப் பார்த்தார்.

“ஊரே கேட்டுருச்சு. இனி ஒளிச்சு என்ன செய்ய? நாளைக்கு உங்க அப்பாவக் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க. இப்ப நாடகத்த முடிங்க.”

சபாபதி விக்கைக் கழற்றி என் முகத்தில் எறிந்துவிட்டுப் போனார். கல்யாணத்தில் மச்சான் மோதிரம் போடுகிற சாக்கில் என் விரலை ஒரு திருகு திருகினார். என் மகள் பிறந்த பிறகுதான் என்னோடு பேசினார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலைக்குப் பயந்து நான் போர்வைக்குள் கிடந்தால், செல்வி வாசலில் நின்று கேட்பாள்: “செத்துட்டீகளா, இருக்கீகளா?”

சபாபதி மச்சான் வந்திருந்தால், காபியை ஆற்றிக்கொண்டே அவர்தான் பதில் சொல்வார்.

“இருப்பாரும்மா. நான் குத்தியே சாகாதவரு.”