விறாந்தை அண்ணையும் நடு அறையும்

தான் இருக்கிற வீட்டின் குசினிக்குப் போகக் கனடாவிடமும் லண்டனிடமும் அனுமதி கேட்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் வட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறார். சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்கு அவர் விறாந்தை அண்ணை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அகதி முகாமில் இருந்தேன், ஆனையிறவில் உப்பு அள்ளினேன், கிளிநொச்சியில் நெல் மூட்டை தூக்கினேன். அப்படியே அலைந்து ஒரு மேசனோடு கூலியாளாகச் சேர்ந்து அந்த வீட்டை உடைக்கப் போனேன். முழு வீட்டையும் அல்ல. நடுவிலிருந்த பழைய அறையையும் அதையொட்டிய முன் விறாந்தையையும்.

அது தோட்டக்காரக் குடும்பத்து வீடு. முதலில் மண்சுவரும் பனஞ்சிலாகைக் கூரையுமாக ஒரே ஓர் அறைதான். பெண்பிள்ளைக்கு வீடு சீதனம் என்பது எங்கள் வழக்கம். ஆகவே தலைமுறை தலைமுறையாகப் பிறந்த பெண்களுக்கெல்லாம் ஒவ்வொரு பக்கம் இழுத்துக் கட்டினார்கள். ஒரு பக்கம் சுண்ணாம்புச் சுவரும் ஓடும், மறுபக்கம் சீமெந்துக் கல், பின்னால் வெளிநாட்டுக் காசில் தட்டைக் கூரை. எதையும் உடைக்காமல் ஒட்டிக்கொண்டே போனதால், யன்னலைத் திறந்தால் இன்னோர் அறை தெரியும். மண்டபத்துக்கு நடுவே மழைநீர்ப் பீலி. படியேறிப் போனால் சுவர். முதல்நாள் குடிக்கத் தண்ணீர் தேடிப் போன நான், போகிற இடமெல்லாம் சாமியறையாகவே இருக்க, போகும்போதெல்லாம் கும்பிட்டுவிட்டுக் கடைசியில் யன்னலால் வெளியே குதித்தேன்.

வீடு, கனடாவிலிருந்த அக்காவுக்கும் லண்டனிலிருந்த பெரிய தங்கச்சிக்கும் பாரிஸிலிருந்த சின்னத் தங்கச்சிக்கும் ஆளுக்கொரு பக்கமாகப் போயிருந்தது. அண்ணைக்குக் கொடுத்தது தெல்லிப்பழைப் பக்கத்துத் தோட்டக்காணி. அது இராணுவத்தின் முட்கம்பிக்குள் போய்விட்டது. ஆகவே அவர் ஒருவருக்கும் கொடுபடாத விறாந்தையில் படுத்துக்கொண்டார்.

"பொம்பிளைப் பிள்ளையளின்ரை சொத்துக்குள்ளை கேளாமல் கால் வைக்கப்படாது" என்பார்.

காலையில் தொலைபேசியை எடுப்பார். "அக்கா, உங்கடை மண்டபத்துக்குள்ளாலை ஒருக்காப் போகட்டே?"

"ஏன்ரா?"

"தேத்தண்ணி வைக்க."

"இஞ்சை எல்லாரும் நித்திரையடா, விசரா! போய்த் துலை!"

"அக்கா ஓமெண்டிட்டா" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போவார். குசினி லண்டன்காரியின் பக்கம். லண்டன் எடுக்காவிட்டால், அக்காவின் எல்லை முடிகிற வாசற்படியில் கேத்திலும் கையுமாக நின்றுகொண்டேயிருப்பார்.

சகோதரிகள் மூவரும் பேசி, திருவிழாவுக்கு வந்து நிற்க நடுவில் பளிங்கு மண்டபம் ஒன்று கட்டுவதென்று முடிவெடுத்தார்கள். விறாந்தை போகும் என்பதால் அண்ணைக்கு முதியோர் இல்லத்தில் ஒரு கட்டிலும் ஒழுங்காகியிருந்தது. அவர் சாரங்களை உரப்பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பையைக் கட்டிக்கொண்டு இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யாரும் அதிகம் கதைப்பதில்லை.

மேசன் நடு அறைச் சுவரில் அலவாங்கை ஓங்கினார்.

அண்ணை எழும்பினார். "பொறும் மேசன். கேட்டனீரோ?"

"ஆரை?"

"அறைக்காரியை."

அறைக்காரி யாரென்பதில் அவருக்கே சந்தேகம். மூன்று பேரையும் ஒரே அழைப்பில் எடுத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"எனக்குத் தந்தது கிழக்குப் பக்கம். அந்த மண் அறை பெரிய தங்கச்சியின்ரை" என்றது கனடா.

"எனக்கு மேற்கெல்லோ! உது சின்னவளின்ரை" என்றது லண்டன்.

"எனக்கு உப்பிடி ஒரு அறை இருக்கிறதே தெரியாது" என்றது பாரிஸ்.

ஒவ்வொரு மகளுக்கும் புதுச்சுவரிலிருந்து அளந்து கொடுத்த குடும்பம், எல்லாவற்றுக்கும் முதல் கட்டிய அறையைக் கொடுக்க மறந்தே போயிருந்தது.

"ஆற்றையும் இல்லையெண்டால் உடைப்பம் அண்ணை" என்றார் மேசன்.

"ஆற்றையும் இல்லாததை ஆரிட்டைக் கேட்டு உடைக்கிறது?"

மேசன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

தொலைபேசிக்குள் மூன்று நாடுகளும் சண்டை பிடித்தன. இறுதியில் அக்கா கத்தினார்: "ஒருத்தியும் பொறுப்பெடுக்கமாட்டாளெண்டால் நீயே வைச்சிரடா!"

இணைப்பு அறுந்தது. அண்ணை தொலைபேசியை மெதுவாகச் சட்டைப்பையில் போட்டார். பிறகு மேசன் பக்கம் திரும்பினார்.

"உடைக்கிறதெண்டால் இனி என்னட்டைக் கேக்கவேணும்."

"சரி அண்ணை. உடைக்கட்டே?"

"யோசிச்சுச் சொல்லுறன்."

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நடு அறை நிற்பதால் பளிங்கு மண்டபம் இல்லை. மண்டபம் இல்லாததால் விறாந்தை இருக்கிறது. முதியோர் இல்லக் கட்டிலில் வேறொருவர் படுத்திருக்கிறாராம். திருவிழாவுக்கு வருகிற அக்கா கிணற்றடிக்கு அந்த அறைக்குள்ளால்தான் போகவேண்டும். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்.

"தம்பி, உன்ரை அறைக்குள்ளாலை வரட்டே?"

"ஏனக்கா?"

"குளிக்கடா!"

அண்ணை கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் "ஓம்" என்பார்.

ஆனால் அண்ணை படுப்பது இன்னும் விறாந்தையில்தான். அலைச்சலில் ஒதுங்க இடமில்லாதபோது நான் அங்கே போவதுண்டு; போன முறை கேட்டேன்: "சொந்தமாய் ஒரு அறை கிடைச்ச பிறகும் ஏன் அண்ணை இஞ்சை கிடக்கிறியள்?"

"விசர்க்கதை கதையாதை. நீ திடீரெண்டு வந்து நிண்டால் எங்கை படுக்கிறது?"

அந்த வீட்டில் கேளாமல் உள்ளே போகக்கூடியவன் நான் ஒருவன்தான். இப்போதும் இரண்டு தரமாவது வழி தவறித்தான் அந்த அறைக்குப் போய்ச் சேருகிறேன். போகும்போது பாய் விரித்திருக்கும்.