உப்பின் ஆவி மீது நடந்த விசாரணை

ஜெர்மன் தேசத்தில் எத்தனையோ நகர்மன்றங்கள் இருக்கலாம். ஆனால் எதையும் அவசரப்பட்டு வெளியே விட்டுவிடாத கண்ணியத்தில் எங்கள் க்ரூமன்பாக் நகர்மன்றத்துக்கு ஈடு கிடையாது. முப்பது வருடமாக நான் அதன் எழுத்தர். உள்ளே போன மனு ஒன்றுகூடத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டு உறுப்பினர்களின் வயிறும் அதே கொள்கையைக் கடைப்பிடித்தது. காலையில் பன்றிக்கொழுப்பு, மதியம் பன்றித்தொடை, மிச்ச நேரமெல்லாம் நாற்காலி. இதை 'பொதுப்பணியின் கனம்' என்று சொல்வோம்.

அந்தக் கனத்தை இறக்கி வைத்தவர் ரசாயனக்காரர் பால்தாசர் நோல். உப்பில் கந்தகத் திராவகத்தை ஊற்றிக் காய்ச்சுவார். நெடியோடு ஒரு புகை கிளம்பும். அடியில் வெள்ளையாக வேறொரு உப்பு தங்கும். அதில் ஒரு கரண்டியை வெந்நீரில் கலந்து குடித்தால் போதும். நிஜமாகவே போதும். தலைவர் ஹைன்ட்ஸ்லர் வாராவாரம் நோல் வீட்டுப் பின்வாசலில் பொட்டலம் வாங்குவார். மற்ற பதினொரு பேரும் அதே பின்வாசல்தான். வரிசையில் முன்னால் நிற்பவரைத் தெரியாதது போல் இருப்பது மன்ற மரபு.

சனி, உலைக்கு அனுமதி கேட்டு நோல் எழுதிய மனுவில் வந்து உட்கார்ந்தது. 'என் பட்டறையில் தினமும் உப்பின் ஆவியைப் பிரித்துக் குப்பியில் அடைக்கிறேன்' என்று எழுதியிருந்தார். எங்கள் பேச்சில் கொதித்து வருவதும் ஆவி, செத்தவன் திரும்பி வந்தாலும் ஆவி. மன்றம் கூடியது.

"யாரோட ஆவிய்யா அது?" என்றார் தலைவர்.

"உப்போடதுங்க," என்றார் நோல்.

"உப்பு எப்பய்யா செத்துது?"

உறுப்பினர்களில் ஒருவரான போதகர் ப்ளாஸியுஸ் குறுக்கே வந்தார். "அதுக்கு ஞானஸ்நானம் ஆச்சா?"

"தண்ணியில விட்டா கரைஞ்சு போயிடும்ங்க."

"பாத்தீங்களா? தண்ணின்னா பயப்படுது."

"நகர வாசல்ல பேரு பதிஞ்சுதா?" இது தலைவர்.

"இங்கயே, என் பட்டறையில பொறந்ததுங்க."

"அப்பன் பேரு?"

நோல் நொந்துபோனார். "என் பேரையே போட்டுக்கங்க."

இது 'ஒப்புதல் வாக்குமூலம்' என்று பதிவானது.

பிறகு ஆவியையே நேரில் விசாரிக்க முடிவாயிற்று. நோல் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சக் கெஞ்சத் தலைவர் குப்பியின் மூடியைப் பிடுங்கினார். மன்றம் முழுக்கக் கண்ணீர். போதகர் மேஜைக்கு அடியில் இருமினார். 'ஆவியின் சாட்சியம் கேட்டு உறுப்பினர்கள் மனமுருகினர்' என்று எழுதினேன். தீர்ப்பு: நோல் மூன்று நாளில் ஊரைக் காலி செய்ய வேண்டும்.

நோலின் மனைவி ஓட்டீலியா என்னிடம் வந்தாள். "எழுத்தரய்யா, எங்க ரெண்டு புள்ளைங்களையும் இந்த ஊரு மண்ணுலதான் பொதைச்சிருக்கோம். விட்டுட்டு எங்க போவோம்? அது வெறும் புகைன்னு ஒரு வரி எழுதக் கூடாதா?"

எழுதியிருக்கலாம். அந்தப் பின்வாசலில் பதின்மூன்றாவது ஆள் நான்தான். அது புகை என்று எனக்கு நன்றாகத் தெரியும். குளிரில் மை உறைந்துவிட்டது என்று சொன்னேன். இன்றுவரை அந்த வெட்கம் எனக்குத் தீரவில்லை. மூன்றாம் நாள் தள்ளுவண்டியில் உலையை ஏற்றிக்கொண்டு இருவரும் போனார்கள். ஓட்டீலியா கல்லறைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்கள் மன்றம் உப்பு உள்ளளவும் நினைக்கவில்லை. தீர்ந்த பிறகுதான் நினைத்தது. நான்காவது வாரம் பன்னிரண்டு பேரும் வயிற்றைப் பிடித்தபடி கூடினார்கள்.

"நோலைத் திரும்பக் கூப்பிடலாம்னு ஒரு யோசனை," என்றார் தலைவர்.

"எதுக்குன்னு எழுதட்டும்?" என்று கேட்டேன்.

பன்னிரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"ஊரோட நன்மைக்குன்னு எழுதேன்," என்று முனகினார் போதகர்.

"ஊருல எந்த இடத்துக்கு நன்மைன்னு கேப்பாங்களே, ஐயா."

தீர்மானம் 'மேலதிக ஆய்வுக்கு' ஒத்திவைக்கப்பட்டது. இன்னும் உள்ளேயேதான் இருக்கிறது.

ஆனாலும் எங்கள் மன்றத்தை ஒன்றுக்கும் உதவாதது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. முப்பது வருடத்தில் அது முக்கி முனகி ஒன்றே ஒன்றை வெளியே தள்ளியிருக்கிறது. மருந்தை.