மணையோடு தொங்கும் போர்டு

தெரியாத வேலையை மனுஷன் கெடுக்கவே மாட்டான். பயந்து தள்ளி நிற்பான். நன்றாகத் தெரிந்த வேலையைத்தான் ஊரைக் கூட்டி வைத்துக் கெடுப்பான். வேறு சாட்சி வேண்டாம், நானே இருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன் நான். பட்டறையில் நாற்பது வருஷம் இரும்பில் ஓட்டை போட்டு, போல்ட் சுற்றிக்கொண்டு இறங்க உள்ளே மரை வெட்டியவன். கீழ்பென்னாத்தூரில் ஒரு கிணற்று மோட்டாருக்கு நான் போட்ட மரை இன்னும் அப்படியே இருக்கிறது. (மோட்டார் போய்ச் சேர்ந்துவிட்டது. கிணறும் தூர்ந்துவிட்டது. மரை இருக்கிறது.)

அதை விடுங்கள். செங்கம் ரோட்டில் என் மகள் காபிக் கடை திறந்தாள். இரண்டு வருஷக் கனவு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் அவளும் மாப்பிள்ளையும் மணையில் ஜோடியாக உட்கார்ந்து பூஜை முடிக்க வேண்டும். எனக்குக் கொடுத்தது ஒரே வேலை: கடை போர்டில் நாலு மூலைக்கும் ஓட்டை.

போர்டு பிவிசி ஷீட்டில் செய்தது. நகம் பட்டாலே பள்ளம் விழும். மேலே நம்ம ஊர் மலைப் படம் (எங்களுக்கு மலைதான் சாமி), கீழே கடைப் பேர்.

“பெரியவரே, இது சாஃப்ட் ஷீட்டு. சும்மா ஓட்டை போட்டு நட்டு மாட்டிடுங்க. மரை கிரை போட்டா நிக்காது” என்றான் செய்து கொடுத்தவன்.

“எப்பா, நான் இரும்புக்கே மரை போட்டவன். இது அப்பளம்” என்றேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கடையில் யாரும் இல்லை. ஷீட் வளையாமல் இருக்க அடியில் ஏதாவது வேண்டுமே என்று பார்த்தேன். சுவரோரம் வாகாக ஒரு பலகை. அதன் மேல் போர்டை வைத்து டிரில்லை அழுத்தினேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது. பிறகு மரை வெட்டி, இளகாமல் இருக்க நாலு ஓட்டையிலும் பசை விட்டு, போல்ட்டை முடுக்கினேன். ஆரம்பத்தில் லொடலொடவென்று சுற்றியது, போகப் போக இரும்புப் பிடி பிடித்தது. ‘நிக்காதாமே!’ என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டு, பட்டுத்துணி போர்த்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மணி பத்து. “மணை எங்கம்மா? நேரம் ஆகுது” என்றார் ஐயர்.

“நேத்து இங்கதான சாச்சி வெச்சேன்!” என்று என் சம்சாரம் பதறினாள். அவள் அப்பா சீதனமாகக் கொடுத்த தேக்கு மணை. எல்லோரும் தேடினார்கள். நானும் தேடினேன். வாசல் வரைக்கும் போய்த் தேடினேன்.

போர்டு இருந்தால் தேட இடைஞ்சல் என்று மாப்பிள்ளை அதைத் தூக்கப் பார்த்தார். “இன்னா மாமா, இவ்ளோ வெயிட்டா இருக்குது?”

“நல்ல மெட்டீரியல் மாப்ள” என்றேன்.

துணி நழுவியது. போர்டுக்கு அடியில், அதே நீளத்துக்கு, தேக்கு மணை; என் நாலு போல்ட்டும் அதற்குள் இறங்கியிருந்தன. மகள் என்னையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஸ்பேனர் போட்டுத் திருப்பினேன். போல்ட் தலை மழுங்கியதுதான் மிச்சம். என் பசை அல்லவா!

“அப்படியே உக்காந்துடட்டுமே சாமி?” என்று கேட்டேன்.

“மலை மேலயா உக்காருவாங்க?” என்றார் ஐயர்.

“அப்ப குப்புறப் போட்டுடலாம்.”

“சாமியைக் குப்புறப் போடுவீங்களா?”

என் சம்சாரம் பேசிக்கொண்டிருக்கவில்லை. என் தோளில் இருந்த புதுப் பட்டு அங்கவஸ்திரத்தை உருவி, நாலாய் மடித்துக் கீழே போட்டாள். “உக்காருங்க ரெண்டு பேரும்!” தீபாராதனை முடிந்தபோது பத்தரைக்கு ஒரு நிமிஷம் பாக்கி. மகள் அப்போதுதான் சிரித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

போர்டு இன்றும் கடை வாசலில் தேக்கு மணையோடு சங்கிலியில் தொங்குகிறது. வெளிநாட்டுக்காரர்கள் அதைப் போட்டோ எடுக்கிறார்கள். “அப்பாவோட டிசைன்” என்கிறாள் மகள்.

வீட்டுக்குப் புது மணை வாங்கியாகிவிட்டது. ஆனாலும் விசேஷத்தில் பந்தி உட்கார்ந்ததும் மாப்பிள்ளை வாழை இலையின் நுனியை லேசாகத் தூக்கிப் பார்ப்பார்.

“இன்னா மாப்ள பாக்குறீங்க?”

“ஒண்ணும் இல்ல மாமா. இலை தனியா வருதான்னு பாத்தேன்.”