பத்துக்கு ஒரு கிலோ தள்ளுபடி

இனிமேல் உடம்பைக் குறைப்பதில்லை, எடை மெஷினையே குறைத்துவிடுவது என்று அந்தத் தராசு ரிப்பேர்க்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தார்.

வேறு வழியும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்து அவர் இரைப்பையை ஒரு வாழைப்பழ அளவுக்குச் சுருக்கியிருந்தார்கள். நூற்று இருபத்தெட்டு கிலோ எண்பத்தாறானது. பழைய சட்டைக்குள் அவரோடு இன்னொருவரும் குடியிருக்கலாம். பார்த்தவர்களெல்லாம் மனைவியைத்தான் பாராட்டினார்கள். கிண்ணத்தில் அளந்து அளந்து கொடுத்து அவரைக் கரை சேர்த்தவள் அவள்தான்.

இப்போது அந்த எண்பத்தாறு ஓசைப்படாமல் தொண்ணூற்றாறாகியிருந்தது. சாப்பாடு நாலு வாய்க்கு மேல் இறங்காது. வயிறு கண்டிப்பாகக் கதவைச் சாத்திவிடும். உருகின ஐஸ்கிரீமை மட்டும் யார், எவர் என்று கேட்காமல் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை முதல் தேதியில் மனைவி அவரை மெஷினில் ஏற்றிப் பார்ப்பாள். நாளைக்கு முதல் தேதி.

மனைவி குளிக்கப் போனதும் கடையிலிருந்து கொண்டுவந்த இருபது கிலோ எடைக்கற்களை மெஷின்மேல் அடுக்கினார். பொத்தானை அழுத்தி, "இது பதினெட்டு" என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தார். முப்பது வருஷமாக எந்தத் தராசிடமும் பொய் சொல்லாத மனுஷன். மெஷின் நம்பிவிட்டது. அன்றிலிருந்து பத்து கிலோவுக்கு ஒன்பது என்றது.

மறுநாள் காலை ஏறி நின்றார். எண்பத்தாறு சொச்சம்.

"பரவாயில்லையே, அப்படியே இருக்கீங்க" என்றாள்.

விசிலடித்தபடி சவரம் செய்யப் போனார். பாதி முகம் நுரையில் இருக்கும்போது குரல் வந்தது.

"என்னங்க... கொஞ்சம் இங்க வாங்க."

மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நானும் ஏறிப் பார்த்தேன். அறுபத்திமூணு."

"நல்லதுதானே?"

"போன மாசம் எழுபதுங்க! நான் நடக்கவும் இல்ல, பட்டினி கிடக்கவும் இல்ல. தானா ஏழு கிலோ போகுதுன்னா, உள்ள என்னமோ இருக்கு."

தனக்காகத் திருத்திய மெஷினில் அவளும் ஏறுவாள் என்பது அவருக்கு ஏன் உறைக்காமல் போயிற்று?

"தண்ணி கொண்டு வரேன்" என்று சமையலறைக்கு ஓடினார். பதற்றம் வந்தால் அவர் கைக்குத் தெரிந்தது ஒரே வேலை. திரும்பி வந்தபோது கையில் தண்ணீர் இல்லை. மீசை நுரையில் பிஸ்கட் தூள் இருந்தது.

அவள் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வெள்ளைத் துணியைத் தனியாத் துவைங்க. கேஸ் புக் பண்ற நம்பர் பிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. எனக்கப்புறம் இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டாலும் சரி. நல்லா சமைக்கிறவளா மட்டும் பார்க்காதீங்க."

"ஐயோ, வாயை மூடுடி! உனக்கு ஒண்ணுமில்ல. மெஷினுக்குத்தான் வியாதி. நான் வர வெச்சது."

"எதுக்கு?"

"பத்து கிலோ ஏறிட்டேன்."

"நாலு வாய் சாப்பிடுற மனுஷன் எப்படிங்க ஏறுவீங்க?"

அவர் அவளெதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சாயங்காலம் நாலு மணிக்கு எங்க அண்ணன் போன் பண்ணுவார் இல்ல? அவர் தவறிப்போய் ஏழு மாசமாச்சு. இன்னும் நாலு மணியானா போனைப் பார்க்கிறேன். அப்புறம் கை ஐஸ்கிரீம் டப்பாகிட்ட போயிடுது. பசியே இல்லடி. உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு. வா, இப்பவே டாக்டர்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்."

அவள் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர் முகத்து நுரையையும் துடைத்துவிட்டாள். அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

"பதினோரு மணிக்குக் கிளம்பலாம். நீங்களே வாயைத் திறந்து சொல்லிட்டா வைத்தியம் சுலபம்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"போன வாரம். இன்னைக்கு வரோம்னு உங்க பேர்ல டோக்கன் போட்டப்போ."