சொந்தம் இருக்க ஹோட்டல் எடுத்தவள்

ஓல்டன், சுவிஸ்,
ஞாயிறு காலை

பெருமதிப்புக்குரிய பெரியப்பா பாலச்சந்திரன் அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் மாயா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சோலோதுர்னில் உங்கள் முழங்காலும் பெரியம்மாவின் பிரஷரும் சொல்வழி கேட்கும் என்று நம்புகிறேன்.

சிங்கப்பூரில் அன்று நான் சொல்லாததை முதலில் எழுதிவிடுகிறேன். பதினோராம் மாடியில், லிஃப்ட் வாசலில், என் சூட்கேஸின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குகநாதன் மாமா, "எங்கட வீட்டில உனக்கு என்ன பிள்ளை குறை?" என்று கேட்டார். "ஒரு குறையும் இல்லை மாமா, அதுதான் குறை" என்று நான் சொல்லவில்லை. "நான் ஊர் பார்க்க வந்தனான், ஆக்களைப் பார்க்க இல்லை" என்றும் சொல்லவில்லை. "போட்டு வாறன் மாமா" என்று மட்டும் சொன்னேன். அதற்கே நீங்கள் குடும்பக் குழுவில் பதினொரு நிமிடக் குரல்பதிவு போட்டிருக்கிறீர்கள். அதன்படி, மாமாவின் மனைவி தயாநிதி அன்ரி, பெரியம்மாவின் ஒரே தங்கை, மூன்று நாள் ஹோட்டலுக்கு வந்து கெஞ்சியும் நான் இளகவில்லையாம். ஒன்பதாவது நிமிடத்தில், "சொந்தம் இருக்க ஹோட்டல் எடுத்தவள் மன்னிப்புக் கேட்குமட்டும் நான் தம்பியின்ர வாசல் மிதியன்" என்கிறீர்கள். அப்பா அதை மூன்று தரம் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கிறார். அப்படி இருந்தும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

முதியோர் இல்லத்தில் கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் மற்றவர்களுக்காக நின்று வேலை செய்து எடுத்த ஒரு கிழமை விடுமுறை அது. பகல் முழுவதும் என் பெயரை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் வேலை என்னுடையது. என் பெயர் ஒருவருக்கும் தெரியாத, நல்ல மழை பெய்கிற ஓர் ஊரில் ஏழு நாள் நடக்க ஆசைப்பட்டேன். நான் செய்த பிழை, போகும் தேதியை உங்களுக்குச் சொன்னது. நீங்கள் மாமா வீட்டுக்கென்று ஆறு கிலோ சீஸும் சொக்கிளேட்டும் கொண்டுவந்து, "வாசலில குடுத்திட்டுப் போ, அஞ்சு நிமிச அலுவல்" என்றீர்கள். எங்கள் ஆட்களின் வாசலில் ஐந்து நிமிடத்தில் முடிந்த அலுவல் ஒன்றை நீங்கள் கண்டிருக்கிறீர்களா பெரியப்பா? அந்த வாசலுக்குப் போகவும் தேவைப்படவில்லை. விமான நிலையத்திலேயே என் பெயர் எழுதிய மட்டையோடு மாமா நின்றார். சீஸ் எந்தப் பெட்டியில் என்று கேட்டார், அந்தப் பெட்டியைக் காரில் ஏற்றினார். சீஸ் இருந்த பெட்டியில்தான் என் உடுப்பும் இருந்தது. உடுப்பு போன இடத்துக்கு நானும் போனேன்.

மூன்று நாளில் ஏழு வீடு பார்த்தேன். "என்ன பிள்ளை, மெலிஞ்சு போனாய்?" என்று, அதற்குமுன் என்னைக் கண்டிராதவர்கள்கூடக் கேட்டார்கள். ஒரு வீட்டில், அவர்கள் சுவிசுக்கு வந்தபோது எங்கள் பனிமலைக்கு முன்னால் நின்று எடுத்த நூற்று நாற்பது படங்களை எனக்குக் காட்டி, "இது உயரமான மலை" என்று விளக்கினார்கள். கண்ணாடிக் கூரைக்குள் அருவி விழும் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னபோது, மாமா யன்னல் சீலையை இழுத்து மூடி, ஏசியைக் கூட்டி, அந்த அருவியை ரிவியில் போட்டார்.

"அங்க போனால் சனம் மறைக்கும். இதில வடிவாத் தெரியும்."

"நீங்கள் போய்ப் பார்த்தனீங்களோ மாமா?"

"இஞ்சதானே இருக்கு. எப்பவும் போகலாம்."

அவர்கள் அந்த ஊருக்கு வந்து முப்பத்தொரு வருடம். அன்ரி பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தபடி ரிவி அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள், என்னைப் பார்ப்பதற்கென்று நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு ஏற்பாடாகியது. ஆட்டிறைச்சி அடுப்பில் இருக்க, நான் பெட்டியை உருட்டிக்கொண்டு ஹோட்டலுக்கு வெளிக்கிட்டேன். நாற்பது பேரும் வந்து, நான் இல்லாததைப் பார்த்துவிட்டு, இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டதாகக் கேள்வி.

அன்று பின்னேரம் ஒரு பெரிய சாப்பாட்டுச் சந்தையில் தனியாக இருந்தேன். தகரக் கூரையில் மழை கொட்டியது. பக்கத்து மேசையில் யாரோ ஒரு டிஷ்யூ பாக்கெட்டை விட்டுப் போயிருந்தார்கள். மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, அதை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் பின்னால் ஓடினேன். அவர் சிரித்தபடி திரும்பி வந்து, அதே மேசையில் வைத்தார். அங்கே அப்படித்தானாம். டிஷ்யூவை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போகலாம், நூறு பேர் தட்டோடு நின்றாலும் ஒருவரும் அந்த இடத்தைத் தொடமாட்டார்கள். பெரியப்பா, ஒரு டிஷ்யூ பாக்கெட்டுக்கு அந்த ஊர் கொடுக்கிற மரியாதையை என் ஒரு கிழமைக்கு நீங்கள் கொடுக்கவில்லை. நான் புத்தகத்தை விரித்து, மழை விடும்வரை வாசித்தேன். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. அதற்காக நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

நீங்கள் எங்கள் வாசல் மிதிக்காவிட்டால், அடுத்த ஞாயிறு அப்பாவைக் கூட்டிக்கொண்டு நான் உங்கள் வாசலுக்கு வருவேன். கேக் கொண்டுவருவேன். மன்னிப்புக் கொண்டுவரமாட்டேன். அப்பாவோடு நீங்கள் கதைத்தால் போதும், என்னோடு கதைக்க வேண்டியதில்லை.

பெரியம்மாவுக்கு என் அன்பு. கோபத்திலும் மருந்தை நேரத்துக்குப் போடுங்கள். நீங்கள் ஆசீர்வாதம் தருவீர்களோ தெரியாது, தந்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாயா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் தயாநிதி அன்ரி அழைத்தார். நேற்று மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம், உங்களுக்கும் எழுதச் சொன்னார். ஆகவே எழுதுகிறேன். அன்ரி ஹோட்டலுக்குக் கெஞ்ச வரவில்லை. ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு ஒரு சின்னப் பையோடு வந்து, "ரெண்டு கட்டில் இருக்கோ?" என்று கேட்டார். பின்னேரங்களில் மாமாவுக்குப் போன் எடுத்து, "பிள்ளை இன்னும் இளகேல்லையப்பா, நான் இன்னொரு நாள் நிண்டு பார்க்கிறன்" என்றார். அருவியை மூன்று நாளும் போய்ப் பார்த்தோம். நான் வாசித்தேன், அன்ரி நித்திரை கொண்டார், ஒருவரும் சமைக்கவில்லை. மாமா நேற்று முழுவதும் ரிவியே போடவில்லையாம். இன்று காலை எழும்பி, ஹோட்டலில் காலைச் சாப்பாடு எத்தனை மணிமட்டும் என்று கேட்டாராம். செப்டம்பரில் இருவரும் சோலோதுர்னுக்கு வருகிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதூரத்தில் ஆற்றங்கரை ஹோட்டல் ஒன்றில் அறை கேட்டார்கள். சற்று முன்னர் பதிவு செய்து கொடுத்தேன்.