ஓமத் தண்ணீர் கொடுத்த சயன்ஸ் வாத்தியார்

வகுப்பில் சொல்லிக்கொடுக்க நான் கூச்சப்பட்ட விஷயம் எனக்கே தெரியாது என்பதை, ஒரு பஸ் நிறைய ஜனங்கள் முன்னால்தான் கண்டுபிடித்தேன்.

1950-களில் ஓசூரில் சயன்ஸ் வாத்தியாராக இருந்தேன். வயது இருபத்தைந்து. தவளையின் இருதயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். இனவிருத்திப் பாடம் வந்தால் மட்டும், "இது சுலபம், வீட்லயே படிச்சுக்குங்க" என்று தாண்டிவிடுவேன். (என் வாத்தியாரும் தாண்டினார். அவருடைய வாத்தியாரும் தாண்டியிருப்பார்.)

மனைவி ருக்மணிக்குத் தலைப்பிரசவம். கிருஷ்ணகிரியில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். இன்னும் மூன்று வாரம் இருப்பதாக நானே கணக்குப் போட்டிருந்தேன். கிளம்பும் அன்று காலையில், "இடுப்பு வலிக்குதுங்க" என்றாள்.

"நேத்து மொச்சைக்கொட்டைக் குழம்பு. வாயுதான்!" என்று ஒரு டம்ளர் ஓமத் தண்ணீர் கொடுத்து பஸ் ஏற்றினேன்.

சூளகிரி தாண்டியதும், "விட்டு விட்டு வலிக்குதுங்க" என்றாள்.

"வாயு அப்படித்தான். சுத்திச் சுத்தி வரும்."

நம்பினாள். சயன்ஸ் வாத்தியார் சொல்கிறாரே! அவளுக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "வேளை வந்தா தானாத் தெரியும்" என்று அவள் அம்மா கடிதத்தில் எழுதியதுதான் மொத்தப் பாடமும்.

திடீரென்று அவள் காலடியில் ஒரே தண்ணீர்.

"சொம்பைக் கவுத்துட்டியா?" என்று சிடுசிடுத்தேன்.

பின் சீட்டில் தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருந்த தெலுங்குக்கார அம்மா துள்ளி எழுந்தாள். "அய்யோ தேவுடா! பனிக்குடம் ஒடஞ்சிடுச்சுப்பா!"

"நாங்க குடமே கொண்டாரலீங்களே" என்றேன்.

(இந்த ஒரு வரியை எங்கள் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு புது மாப்பிள்ளையிடமும் ருக்மணி சொல்லிவிடுவாள். நடித்தும் காட்டுவாள்.)

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன வேல பாக்கற நீ?"

"சயன்ஸ் வாத்தியார்."

"பாவம் பசங்க!"

அப்புறம் பஸ் அவள் ஆட்சி. ஆண்கள் எல்லாரையும் முன்பக்கம் விரட்டினாள். பெண்கள் புடவையை விரித்துப் பின்பக்கத்தை மறைத்தார்கள். டிரைவர் எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தாமல் பறந்தார். "சும்மா நிக்காத சார், ஹாரனையாவது அடி!" என்றார். ரப்பர் ஹாரனை இரண்டு கையாலும் பிழிந்தேன். அந்தப் பிரசவத்தில் என் பங்கு அவ்வளவுதான். குருபரப்பள்ளி தாண்டியதும் என் ஹாரனை மிஞ்சி ஒரு சத்தம்! பஸ்ஸே கைதட்டியது. பெண் குழந்தை!

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. வலி எப்ப ஆரம்பிச்சது? என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வீட்லயே வாயுன்னு உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும், தெரியுமா?" என்றார்.

அவரிடமே ஒரு புத்தகம் வாங்கிப் படித்தேன். பள்ளிக்குத் திரும்பிய முதல் நாளே கதவைத் திறந்துவைத்து அந்தப் பாடத்தை நடத்தினேன். பையன்கள் முதலில் இளித்தார்கள். பிறகு மூச்சுவிடாமல் கேட்டார்கள். வாசலில் ஹெட்மாஸ்டர்! ஆறு பெண்களுக்குத் தகப்பனார். முழு பீரியடும் நின்றார். வேலை போயிற்று என்றே முடிவு கட்டினேன்.

மணி அடித்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"ஆணா பெண்ணான்னு முடிவாகறது தகப்பனாலன்னு சொன்னீரே... நெசமா?"

"நெசம்தான் சார்."

"பதினஞ்சு வருஷமா அவளையில்ல திட்டிட்டிருக்கேன்!"

மறுநாள் டைம்டேபிளில் அந்தப் பாடத்துக்கு இரண்டு பீரியடு கூடுதலாகப் போட்டிருந்தார். கடைசி வரிசையில் தனக்கு ஒரு நாற்காலியும்.