கேண்டீன் முழுக்க கேசரி

ஒருவருடைய வேலையைக் கெடுத்தவன் நான். அதை மறைக்க ஒரு சீட்டையும் கிழித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயிண்டப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். குற்றம் அவருடையது என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

மனிதனை நோகடிப்பதில் ஓசூர் சுற்றுவட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. தளியிலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். எங்கள் தொழிற்சாலையில் ஒப்பந்தப் பெயிண்டர். அந்த மாதம் நிரந்தரம் ஆவதாக இருந்தது. "கதவுக்குக் காவி அடிப்பா" என்றால் போதும், பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவார்.

"காவின்னா செம்மண்ணு சார், சாமியார் வேட்டி. நீங்க காட்டுறது கேசரி. குங்குமப்பூவ பால்ல போட்டா வருமே, அது."

"ரெண்டும் ஒண்ணுதான்யா!"

"அப்ப பால்ல செம்மண்ண கரைச்சுக் குடிங்க சார்."

ஒரு கதவுக்கு அரை நாள் இப்படிப் போகும்.

ஒருநாள், மறுநாள் தலைமை அலுவலகத்தார் வருவதாகச் செய்தி. சாப்பாட்டு ஏற்பாடு என் பொறுப்பு. 'நாளை விருந்தினர் வருகை. கேண்டீன் முழுக்க கேசரி போடவும்' என்று அவசரமாகக் கிறுக்கினேன். சமையல்காரர் காய் வாங்கப் போயிருந்தார். சீட்டை மேஜையில் டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். ஜன்னலுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டப்பாவை நான் கவனிக்கவில்லை.

காலையில் போனால், பெயிண்டப்பா ராத்திரி முழுக்க அடித்து, நாலு சுவர், தூண், கூரை எல்லாம் தகதகவென்று கேசரி. ஒரு சங்கத்தார், "காவி அடிச்சுட்டுச் சோறு போடுவீங்களா?" என்று தட்டோடு வெளியே நின்றார்கள். இன்னொரு கூட்டம் வாசலில் தேங்காய் உடைத்தது. நடுவில் விருந்தினர்கள். இனிப்பு மட்டும் இல்லை; சீட்டு சமையல்காரர் கண்ணில் படவே இல்லை.

"யார் சொன்னது?" என்றார் மேனேஜர்.

"இந்த ஆபீசர் எழுதின சீட்டு சார். டம்ளருக்கு அடியில இருக்குது."

அங்கே இல்லை. அதற்குள் அதைக் கிழித்துப் பையில் போட்டிருந்தேன். "நான் எந்தச் சீட்டும் எழுதலை" என்றேன்.

பெயிண்டப்பா என்னையே பார்த்தார். "கேசரின்னா எங்களுக்குக் கலரு. தின்னுறதுன்னா கேசரி பாத்னு எழுதணும்ல சார்" என்றார். அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு நடந்ததை எல்லாம் நிர்வாகத்துக்கு எழுதினேன். திரும்ப வேலை கொடுக்க அவருக்கு வயது கடந்துவிட்டது என்று பதில் வந்தது. கடிதத்தின் நகலோடு தளிக்குப் போய் அவர் மனைவி முன்னால் படித்துக் காட்டினேன்.

"இத்தன வருசமா உன்னத்தானே திட்டினேன்" என்று அந்த அம்மா அவரைப் பார்த்து அழுதார்.

அவர் நகலை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். "மன்னிக்கல்லாம் முடியாது சார். ஆனா மூணாவது வரியில காவின்னு எழுதியிருக்கீங்க. நான் அடிச்சது கேசரி. திருத்துங்க."

அதிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்வார். எதிர்வீட்டுச் சுவரை யாரோ ஆரஞ்சு என்று சொல்லிவிட்டதாக ஒரு மணி நேரம் என் காதைத் தின்பார். மன்னிப்பைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

இரண்டு ஞாயிறாகப் போன் வரவில்லை. தளி பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.